முத்திரை பார்த்து வண்டி வாங்காதே

அன்பு மகள் நித்யாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. குன்னூரில் குடும்பத்துக்கு ஒரு கார் வாங்கப்போவதாகவும், டாட்டா, மஹிந்திரா போன்ற நம் நாட்டு வண்டியா, ஜப்பான், கொரியா, ஜெர்மனிக் கம்பெனி வண்டியா என்று வீடே இரண்டு கட்சியாகிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். போதாததற்கு, கோயம்புத்தூரில் மலிவாகக் கிடைக்கும் பழைய இறக்குமதிக் கார் ஒன்றின் மீது மாப்பிள்ளைக்கு ஆசை வேறு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டு வண்டி என்று கேட்க ஆரம்பித்தாலே கணக்கு தப்பிவிடும். நீலகிரியில் ஒரு காரை நம்பலாமா என்பதை இரண்டு விஷயங்கள்தான் முடிவு செய்கின்றன. இந்த ஏற்ற இறக்கத்துக்கு அது ஈடுகொடுக்கிறதா என்பது ஒன்று. பழுதானால் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு செலவில் சரியாகும் என்பது மற்றொன்று.

முதலில், நம் நாட்டு வண்டி என்று எதைச் சொல்வது? அரை நூற்றாண்டுக்கு மேல் இந்தியாவின் அடையாளமாக ஓடிய அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மறுபிறவி. நடுத்தரக் குடும்பங்களைக் காரில் ஏற்றிய மாருதி 800, 1983 டிசம்பரில் ஜப்பானின் சுசுகி துணையோடு வந்தது. கொரியக் கார் என்று சொல்லப்படும் சான்ட்ரோ 1998இல் வெளிவந்தது நம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலிருந்து. இன்று நிலைமை இன்னும் தலைகீழ். ஹோண்டா ஜப்பானில் விற்கும் டபிள்யூஆர்-வி ராஜஸ்தானில் தயாராகிக் கப்பலேறுகிறது. சுசுகியின் ஃபிராங்ஸ் குஜராத்திலிருந்து போகிறது. ஆங்கிலேயப் பெருமை பேசும் ஜாகுவார் லேண்ட் ரோவருக்கோ 2008 முதல் டாட்டாவே முதலாளி. டொயோட்டா கிளான்சா என்று வாங்குவது மாருதி பலேனோவைத்தான். இத்தனைக்கும் பிறகு வண்டிகளை நாடு வாரியாகப் பிரித்து வைத்து ஒன்றை நம்பகமானது, மற்றொன்றை நம்ப முடியாதது என்பதில் அர்த்தமில்லை. வெளிநாட்டில் முழுதாகச் செய்து இறக்கப்படும் கார்கள் நம் சாலையில் மிகச் சொற்பம். அவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முத்திரைக்கும் நம்பகத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினைவிட நல்ல சாட்சி கிடையாது. இத்தாலியில் பிறந்த அந்த 1,248 சிசி இன்ஜின் இங்கேயே தயாராகி, மாருதி ஸ்விஃப்ட், டிசையரிலும், டாட்டா இண்டிகா விஸ்டாவிலும், ஃபியட்டின் சொந்த புன்டோவிலும் ஓடியது. ஜப்பானிய, இந்திய, இத்தாலிய முத்திரை மூன்றுக்கும் இயங்கும் பகுதி ஒன்றுதான். ஆனால் ஸ்விஃப்டும் டிசையரும் சந்தையை ஆண்டன. வாடகை வண்டிக்காரர்கள் தேடித்தேடி வாங்கினார்கள். இன்ஜினைப் பெற்ற ஃபியட்டின் கார்களோ, கட்டுமானத்திலும் சாலைப் பிடிப்பிலும் பாராட்டு வாங்கியும், 2019 வாக்கில் விற்பனையிலிருந்தே மறைந்துவிட்டன. வித்தியாசம் இன்ஜினில் இல்லையென்றால் வேறெங்கே? பெருமளவு, ஒர்க்‌ஷாப்பில்தான். மாருதிக்குச் சின்ன ஊரிலும் மெக்கானிக் உண்டு, கடைத்தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் உண்டு. ஃபியட் வைத்திருந்தவர் அதற்காகப் பெரிய நகரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. பழுதே வராத வண்டி உலகத்தில் இல்லை. பழுது வந்த மறுநாள் ஓடும் வண்டியைத்தான் ஜனங்கள் நம்பகமானது என்கிறார்கள், அது சரியும்கூட.

இதை மலையில் வைத்துப் பார். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. பர்லியார் வழியாகப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது காற்று அடர்த்தி குறைந்துகொண்டே போகும். டர்போ இல்லாத இன்ஜின், ஊட்டியை எட்டும்போது தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். விளம்பரத்தில் போட்டிருக்கும் குதிரைத் திறன் சென்னையில் கிடைப்பது, உனக்குக் கிடைப்பது அல்ல. டர்போ இருந்தால் இந்த இழப்பு பெருமளவு ஈடாகும்; ஆனால் சின்ன டர்போ இன்ஜின் குறைந்த சுழற்சியில் சற்றுத் தூங்கும் என்பதால், வளைவில் செகண்ட் கியரில் எப்படி இழுக்கிறது என்று பார்த்தே வாங்க வேண்டும். சீசனில் வண்டிகள் ஊர்ந்து ஏறும்போது அரை கிளட்சில் நின்று நின்று கிளட்ச் பிளேட் தேயும். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் அதிலும் வகை பார். ஏஎம்டி என்பது அதே கிளட்சை இயந்திரம் மிதிப்பதுதான். உலர் கிளட்ச் கொண்ட டிசிடி என்னும் இரட்டைக் கிளட்ச் வகை ஏற்ற நெரிசலில் சூடேறும். டார்க் கன்வெர்ட்டர்தான் மலைக்குப் பொறுமையானது. இறக்கத்தில் பிரேக்கைவிட இன்ஜின் பிடிமானமே காவல். ஈரப்பதத்தை உறிஞ்சிப் பழசான பிரேக் ஆயில் தொடர் இறக்கத்தில் கொதித்து, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். இவற்றில் ஒன்றுகூட முத்திரை சார்ந்ததல்ல. இன்ஜின், கியர்பாக்ஸ், பராமரிப்பு சார்ந்தவை. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபட்டால், கோவையிலிருந்து வர வேண்டிய பாகமும் அடிவாரத்திலேயே நின்றுவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்.

'உயிர் முக்கியமில்லையா, வெளிநாட்டுக் கம்பெனிக் கார்தானே பத்திரம்?' என்று நீ கேட்கலாம். ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது போலத் தோன்றியது. ஆனால் 2014இல் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதிப் பார்த்தபோது டாட்டா நானோ, மாருதி ஆல்டோவோடு ஹூண்டாய், ஃபோர்டு, ஃபோக்ஸ்வேகன் கார்களும் பூஜ்ய நட்சத்திரம்தான் வாங்கின. அதே ஃபோக்ஸ்வேகன் போலோ, இரண்டு ஏர்பேக் வைத்து மறுபடி சோதித்தபோது நான்கு நட்சத்திரம் பெற்றது. ஜெர்மன் முத்திரை அப்படியேதான் இருந்தது. மாறியது உள்ளே வைத்த பொருள். இந்தியாவில் ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் கார், 2018இல் டாட்டா நெக்ஸான். இப்போது 2023 முதல் பாரத் என்கேப் என்று நம் நாட்டு மதிப்பீடே இருக்கிறது. ஆகவே கம்பெனியைப் பார்க்காதே, நீ வாங்கும் மாடலின் மதிப்பெண்ணைப் பார்.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது. அதை நான் மறுக்கப்போவதில்லை. ஜப்பானியக் கம்பெனிகளின் வண்டிகள் சில்லறைத் தொல்லை குறைவாகவே தருகின்றன. இந்தியக் கம்பெனிகளின் புது மாடல்களில் முதல் வருடத்தில் திரை உறைவது, சென்சார் எச்சரிப்பது போன்ற புகார்கள் கேட்கத்தான் செய்கின்றன. ஊட்டி வாடகை வண்டிகளில் இன்னோவாவும் டிசையரும் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது காரணமில்லாமல் அல்ல. வண்டி நின்றால் அன்றைய சம்பாத்தியம் நின்றுவிடும் என்பவர்களின் தேர்வு அது. ஆனால் அந்த இரண்டும் ஜப்பானியம் என்பதால் மட்டும் ஜெயிக்கவில்லை. வருடக்கணக்கில் பெரும் எண்ணிக்கையில் இங்கேயே தயாராகி, பாகமும் கைத்தேர்ச்சியும் பரவியதால் ஜெயித்தன. அதே வெளிநாட்டுப் பெருமையோடு வந்த செவர்லே 2017 முடிவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் ஆலை நடத்திய ஃபோர்டு 2021இல் இங்கே கார் தயாரிப்பதை விட்டுவிடுவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடரும் என்று சொன்னார்கள். ஆனால் கம்பெனி கடையைக் கட்டிய பிறகு ரீசேல் மதிப்பு என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது மாப்பிள்ளையின் ஆசைக்கு வருகிறேன். முழுதாக இறக்குமதியான கார், 40,000 டாலருக்கு மேல் விலை போனால், பல ஆண்டுகளாக 100 சதவீதச் சுங்கவரியைச் சுமந்தே வந்தது. அதற்கு மேல் ஆயுள் சாலை வரி. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு இப்போது 20 சதவீதம். அதையெல்லாம் முதல் உரிமையாளர் கட்டிவிட்டார், இழப்பும் அவருடையது, நமக்கு லாபம்தானே என்பது மாப்பிள்ளையின் கணக்கு. வாங்கும் விலை வரை அந்தக் கணக்கு சரி. ஆனால் கார் விலை இறங்குவதுபோல பாகத்தின் விலை இறங்குவதில்லை. பத்து லட்சத்துக்கு வாங்கினாலும், ஒரு ஹெட்லைட்டோ கியர்பாக்ஸோ போனால் அது எழுபது லட்ச ரூபாய்க் காரின் பாகமாகத்தான் வந்து சேரும், அதுவும் காத்திருந்து. விற்கும்போது வாங்க ஆளும் குறைவு. பழைய யானை ஒன்றைச் சும்மா கொடுத்தாலும் தீவனம் யார் போடுவது? இதை அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொல்.

நம் நாட்டுக் கம்பெனிக்குக் காசு போனால் நாட்டுக்கு நல்லது என்று உன் மாமனார் சொல்வதையும் மதிக்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனி வண்டி வாங்கினால் லாபத்தின் ஒரு பங்கு வெளியே போவது உண்மைதான். ஆனாலும் இருங்காட்டுக்கோட்டையில் ஷிஃப்டுக்குப் போகிறவரும் நம் பிள்ளைதான். ஃபோர்டு நிறுத்தியபோது தவித்தவையும் தமிழ்க் குடும்பங்கள்தான். தேசப்பற்றை ஒரு தராசுக் கல்லாக வை. அதை மட்டுமே தராசாக்கிவிடாதே.

ஆக, என் யோசனை இது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கி, பெட்ரோலில் 1,200 சிசி, டீசலில் 1,500 சிசி தாண்டாத காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40. குன்னூரின் குறுகலான சந்துகளுக்கும் பஸ்ஸுக்கு ஒதுங்க வேண்டிய எஸ்டேட் பாதைக்கும் அந்த நீளமே பொருத்தம். அதற்குள்ளேயே சின்ன டர்போ இன்ஜினோடு டாட்டா நெக்ஸான், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, மாருதி ஃபிராங்ஸ், ஹூண்டாய் வென்யு, ஸ்கோடா கைலாக் எல்லாமே இருக்கின்றன. இந்தியா, ஜப்பான், கொரியா, ஐரோப்பா என்று உங்கள் வீட்டுக் கட்சிகள் எல்லாவற்றுக்கும் இதில் ஆள் இருப்பதைக் கவனி. இவற்றில் எது என்பதை உங்கள் ஊர் மெக்கானிக் சொல்லட்டும். குன்னூரிலோ ஊட்டியிலோ எதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் இருக்கிறார், பாகம் எத்தனை நாளில் வரும், மூன்று வருடம் ஓட்டியவர் என்ன சொல்கிறார் என்று விசாரி. பிறகு நாலு பேரை ஏற்றி, காட்டேரி பக்கம் இறங்கி ஏறிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடு. பதில்கள் சமமாக இருந்தால் மாமனாரின் விருப்பப்படி நம் நாட்டு வண்டியை எடு. சமமாக இல்லாவிட்டால் அருகில் ஒர்க்‌ஷாப் இருப்பதை எடு. பெரிய மாடலுக்குப் போகாமல் மிச்சப்பட்ட பணத்தில் நல்ல டயர் போடு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மறக்காமல் மாற்று.

எதை முடிவு செய்தாலும் எழுது. மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

அன்புடன்,
பெரியப்பா