பி.ஆர்.வி. என்று சொல்லாதீர்கள்

பாவுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்களில் பாய்லர் வேலை பார்த்தவன் நான். வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கம் "சின்ன பாய்லர்தானே" என்பார்கள். அந்தச் சின்ன பாய்லர்களில் பலவற்றின் அனுமதி அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10.54 கிலோ, பவுண்டுக் கணக்கில் 150.

எங்கள் வேலையில் நான் மிகவும் பயப்படும் சொல் 'பி.ஆர்.வி.' பாய்லர் நீராவியை, கஞ்சி போட்ட பாவைக் காயவைக்கும் டிரையிங் சிலிண்டர் தாங்கும் அளவுக்குக் குறைத்து அனுப்புவது பிரஷர் ரெட்யூசிங் வால்வு. அழுத்தம் எல்லை மீறினால் தானே திறந்து வெளியேற்றுவது பிரஷர் ரிலீஃப் வால்வு. இரண்டையும் பி.ஆர்.வி. என்றே கூப்பிடுகிறார்கள். ஒரு மில்லில் ஷிப்டு மாறும்போது, "பி.ஆர்.வி. கசிஞ்சுதுங்ணா, அடைச்சுட்டேன்" என்றான் ஒரு பையன். ரெட்யூசிங் வால்வை அடைத்தால் ஓட்டம் நிற்கும், அவ்வளவுதான். ரிலீஃப் வால்வை அடைத்தால் சிலிண்டருக்குக் காவலே கிடையாது. வேலைக்கு வந்த அண்ணன் நல்ல அனுபவசாலி. "எதைப்பா அடைச்ச? வந்து கைய வெச்சுக் காட்டு" என்று கூட்டிப் போனார். அடைத்தது ரெட்யூசிங் வால்வைத்தான். ரிலீஃப் வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் அடைக்கிற வால்வு எதுவும் இருக்கவே கூடாது. உங்கள் மில்லில் இருந்தால் இன்றைக்கே முதலாளியிடம் சொல்லுங்கள்.

'சிலிண்டர் கசியுது' என்பதும் அப்படித்தான். வெல்டிங் கேஸ் சிலிண்டரா, டிரையிங் சிலிண்டரா? ஒன்றுக்குத் தீப்பொறியைத் தள்ளி வைக்க வேண்டும். இன்னொன்றுக்கு நீராவியை நிறுத்த வேண்டும்.

பழைய டிரையிங் சிலிண்டர் வாங்குகிறவர்கள் பெயர்த்தகட்டை நிதானமாகப் படியுங்கள். டெஸ்ட் பிரஷர் என்பது தண்ணீர் நிரப்பிச் சோதித்த அழுத்தம். ஒர்க்கிங் பிரஷர் அதைவிடக் குறைவு. பெரிய எண்ணைப் பார்த்து, "இவ்வளவு தாங்கும்" என்று ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. நீராவியை நிறுத்தி ஆறவிடும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிச் சிலிண்டர் நசுங்கலாம். அதைத் தடுப்பது வேக்குவம் பிரேக்கர். ரிலீஃப் வால்வு இருக்கிறதே என்று பிரேக்கரைக் கழற்றிவிடாதீர்கள்.

பிரஷர் கேஜ் மாற்றும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். புதிதாக வருகிறவற்றில் சில மெகாபாஸ்கலில் காட்டும். அதில் முள் 1-ல் நின்றால் அது ஒரு கிலோ இல்லை, பத்து கிலோவுக்கும் மேல். பழைய கேஜில் எந்த அலகோ அதே அலகில் கேட்டு வாங்குங்கள். அனுமதி அழுத்தத்தில் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மாட்டுங்கள். நோட்டிலும் "ஏழு" என்று மட்டும் எழுதாமல், அலகையும் சேர்த்து எழுதுங்கள்.