முடிவெடுப்பது யார்? இணைய ஆட்டங்களில் துணைநிரல் வழக்கு

ஆட்டத்தை உருவாக்கிய நிறுவனத்தைச் சாராத வெளியார் எழுதி, ஆடுபவர் தம் கணினியில் தாமே சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல் துணைநிரல் எனப்படும்; ஆட்டக்காரர் பேச்சில் அது மோட் அல்லது ஆட்-ஆன். தனியாக ஆடும் ஆட்டத்தில் ஒருவர் எதைச் சேர்த்தாலும் அதன் விளைவு அவரோடு முடிந்துவிடும். பலர் ஒரே சர்வரில் கூடி ஆடும் ஆட்டத்திலோ ஒருவர் திரையில் சேர்வது மற்றவரின் உழைப்பையும் வாய்ப்பையும் தொடுவதால், எது உதவி, எது ஏமாற்று என்ற வழக்கு ஓய்வதில்லை. அவ்வழக்கை முழுமையாகக் காண ஏற்ற களம், பிளிஸார்டு நிறுவனம் 2004 நவம்பரில் வெளியிட்ட வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆகும். அங்கே துணைநிரல் திருட்டுத்தனமாக நுழையவில்லை. திரையிலுள்ள பட்டைகளையும் பொத்தான்களையும் வரைபடத்தையும் லுவா என்னும் நிரல்மொழியில் எவரும் மாற்றியமைத்துக்கொள்ள நிறுவனமே தொடக்கத்திலிருந்து இடம் கொடுத்தது.

அவ்வாறு வந்தவற்றுள் டிகர்ஸிவ் என்னும் துணைநிரல், விவாதத்தின் மையம் எது என்பதை இன்றும் தெளிவாகக் காட்டுகிறது. நாற்பது பேர் சேர்ந்து இறங்கும் மோல்ட்டன் கோர் என்னும் நெருப்புக் குகையில், லூசிஃப்ரான் என்னும் பாஸ், அதாவது குழுவாகச் சேர்ந்தாலன்றி வீழ்த்த இயலாத பெரும் எதிரி, குழுவினர்மேல் ஒரு தீவினையை ஏவும். பத்து நொடிக்குள் நீக்காவிட்டால் அது வெடித்துப் பெருஞ்சேதம் விளைவிக்கும். கெஹென்னஸ் என்னும் இன்னொரு பாஸின் சாபம், பட்டவருக்குக் கிடைக்கும் சிகிச்சையில் முக்கால் பங்கைக் குறைத்துவிடும். ஆகவே நாற்பது பெயர்ப் பட்டைகளையும் கண்ணால் துழாவி, யாரை முதலில் காப்பது, யார் சற்றுப் பொறுக்கலாம் என்று நொடிக்குள் தீர்மானிப்பதே குணப்படுத்தும் பணியை ஏற்ற ஹீலரின் திறனாக இருந்தது. டிகர்ஸிவ் வந்தபின் ஒரே விசையைத் தட்டிக்கொண்டிருந்தாலே போதும் என்றாயிற்று. பாதிக்கப்பட்டவரைத் தேடுவது, குறிவைப்பது, உரிய மந்திரத்தைத் தேர்வது ஆகிய மூன்றும் நிரலின் வேலையாயின.

2006 டிசம்பரில் வந்த 2.0 பேட்ச், அதாவது ஆட்டத்தின் திருத்தப் பதிப்பு, போர் நடக்கும்போது குறியையும் மந்திரத்தையும் நிரல் தானே தேர்ந்துகொள்ளும் வழியை அடைத்தது. டிகர்ஸிவ் அதனால் அழிந்துவிடவில்லை. குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சதுரம் காட்டி, பாதிக்கப்பட்டவரின் சதுரம் நிறம் மாறியதும் ஆடுபவரே அதைச் சொடுக்கும்படி அது திருத்தி எழுதப்பட்டது. காட்டுவது நிரலின் பணி, தேர்வது மனிதரின் பணி என்ற எல்லை அப்போது வகுக்கப்பட்டது. இவ்வழக்கில் இதுவரை வகுக்கப்பட்ட எல்லைகளுள் மிகவும் நியாயமானது அதுவே.

ஆனால் காட்டுதலும் ஓர் அளவைக் கடந்தால் தேர்தலாகவே மாறிவிடும். ஏவிஆர் என்ற துணைநிரல், ஆட்ட உலகின் தரைமேலேயே கோடுகளையும் வட்டங்களையும் வரைந்து, இன்னார் இன்ன இடத்தில் நிற்கவேண்டும் என்று காட்டியது. 2010-இல் வந்த 3.3.5 பேட்ச் அதைச் செயலிழக்கச் செய்தது. குழுவினர் நிற்கும் இடங்களை ரெய்டுக்குள், அதாவது பெருங்குழுவாக இறங்கும் குகைக்குள், துணைநிரல்கள் அறியும் வசதி 2016-இல் நிறுத்தப்பட்டது. இருந்தும் வீக்ஆராஸ் போன்ற பொதுக் கருவிகளால், சிக்கலான பாஸ் போரில் யார் இடம், யார் வலம் என்பதை நிரலே பங்கிட்டு ஒவ்வொருவருக்கும் அறிவிக்க முடிந்தது. போரை வடிவமைப்பவர்கள் துணைநிரல் இருக்கும் என்று எண்ணிச் சிக்கலைக் கூட்ட, அச்சிக்கலை அவிழ்க்கப் புதிய துணைநிரல் எழுதப்பட, இடையில் அகப்பட்டுக்கொண்டவர் எதையும் நிறுவாமல் ஆட விரும்பிய எளிய ஆட்டக்காரர். அவர் நிறுவுவதா வேண்டாமா என்பது பெயருக்குத்தான் அவர் விருப்பம். நிறுவாதவருக்குக் குழுவில் இடமில்லை என்ற நிலை வந்தபின் அதை விருப்பம் என்று அழைக்க முடியாது. துணைநிரல் ஏமாற்றா இல்லையா என்று மட்டும் வாதிடுவோர் இதைக் கவனிக்கத் தவறுகின்றனர். சேராதவரும் ஆட்டத்தில் நிற்க முடிகிறதா என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

மிட்நைட் என்னும் விரிவாக்கத்தை ஒட்டி நிறுவனம் 2025-இல் எடுத்த முடிவு இக்கேள்விக்குத் தரப்பட்ட விடையாகும். போர்க்களத் தகவல்களைத் துணைநிரல் திரையில் அழகுபடுத்திக் காட்டலாம், ஆனால் அவற்றைப் படித்துக் கணக்கிட்டு முடிவு சொல்லக் கூடாது என்பதே அதன் சாரம். பாஸின் அடுத்த செயலை முன்னறிவிக்கும் காலவரிசை, சேதத்தை அளக்கும் மீட்டர் போன்றவை ஆட்டத்துக்குள்ளேயே தரப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. வீக்ஆராஸை உருவாக்கியோர், அவ்விரிவாக்கத்துக்கென ஒரு பதிப்பை வெளியிடப்போவதில்லை என்று தெரிவித்தனர். பல ஆண்டு உழைப்பு அப்படி நின்றுபோவது வருந்தத்தக்கதே. ஆயினும் முடிவின் திசை சரியானது என்பதில் ஐயமில்லை.

குழுவாக நெடுங்காலம் ஆடியவர்கள் கற்ற பாடங்களுள் முதலாவது, காட்டுவது நிரல், தேர்வது மனிதர் என்ற எல்லையிலிருந்தே பிறக்கிறது. ஒரு துணைநிரலைச் சேர்த்துச் சில வாரம் ஆனபின் அதை நீக்கிவிட்டு அதே பாஸை மறுபடி சந்தித்துப் பார்ப்பது நல்லது. எரிச்சல் மட்டும் தோன்றினால் அது வசதிக்கான கருவி. என்ன செய்வதென்றே தெரியாமல் கை நின்றுவிட்டால், கற்கவேண்டியதை நிரலிடம் விட்டுவைத்திருப்பது விளங்கும். புதிதாக வருவோர் முதல் சில வாரங்கள் எதையும் சேர்க்காமல் ஆடுவதே அவர்களுக்குப் பயன் தரும். எது தமக்குத் தேவை என்று தெரிவதற்கு முன்பே பிறர் தந்த இருபது துணைநிரல்களை இட்டுக்கொள்பவரின் திரையில் எச்சரிக்கைகள் மட்டுமே மிஞ்சி, எதிரே நிற்கும் எதிரி கண்ணில் படாமல் போகிறது.

திறனை அளக்கும் கருவிகள் வேறொரு வகைச் சிக்கலை விளைவிக்கின்றன. ஒருவர் அணிந்துள்ள ஆயுதத்தையும் கவசத்தையும் கூட்டி ஒற்றை எண்ணாகச் சொன்ன கியர்ஸ்கோர், ‘ராத் ஆஃப் தி லிச் கிங்’ என்னும் விரிவாக்கத்தின் காலத்தில் பெரிதும் பரவி, அவ்வெண் குறைந்தவரைப் பேசாமலேயே ஒதுக்கும் வழக்கத்தை வளர்த்தது. 2010-இல் சராசரிப் பொருள் நிலையை ஆட்டமே காட்டத் தொடங்கியபோதும் அவ்வழக்கம் தணியவில்லை. ரீகவுண்ட், டீட்டெயில்ஸ் போன்ற டேமேஜ் மீட்டர்கள், யார் எவ்வளவு சேதம் விளைவித்தார் என்பதை வரிசைப்படுத்திக் காட்டும். அந்த வரிசையில் தெரியாதவை பல: பிறரைக் காக்க ஓடி நின்றவரின் இழப்பு, எதிரியின் மந்திரத்தைத் தக்க தருணத்தில் தடுத்தவரின் கவனம், பின்தங்கியவருக்கு வழி சொன்னவரின் பொறுமை. தோல்விக்குப்பின் மீட்டரைப் பொதுச் சாட்டில் ஒட்டுவது குழுவைச் சிதைக்கும் வழிகளுள் மிக விரைவானது. ஒவ்வொருவரும் தம் எண்ணைத் தாம் முன்பு எடுத்த எண்ணோடு ஒப்பிடுவதும், பிறரிடம் சொல்லவேண்டியதைக் குழுத் தலைவர் தனியாகச் சொல்வதும் பயன் தரும். நீடித்த குழுக்களில் இம்முறையே காணப்படுகிறது.

ஃபைனல் ஃபேண்டஸி 14 என்னும் இணைய ஆட்டம், துணைநிரலுக்கு இடம் கொடுத்த வார்கிராஃப்டுக்கு நேரெதிரான பாதையைத் தேர்ந்தது. ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தின் அவ்வாட்டத்தில் வெளியார் கருவிகள் அனைத்தும் விதிப்படி தடை. கணினியில் ஆடுவோரும் பிளேஸ்டேஷனில் ஆடுவோரும் ஒரே சர்வரில் கலந்திருக்க, பின்னவர்க்கு எதையும் நிறுவ வழியே இல்லை என்பதால், அத்தடைக்கு வலுவான நியாயம் உண்டு. ஆயினும் கருவிகள் மறைவில் புழங்கின. எட்டுப் பேர் ஆடும் கடும் சோதனையான தி ஒமேகா புரோட்டோகால் 2023 ஜனவரியில் வந்தபோது, முதலில் வென்ற குழுவினரின் காட்சிப்பதிவில் கேமரா ஆட்டம் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டி விலகியிருந்தது வெளிப்பட்டது. கருவி பயன்பட்டது உறுதியானால் அக்குழுவை உண்மையான உலக முதல் வெற்றியாளராகத் தாம் ஏற்கப்போவதில்லை என்று தயாரிப்பாளர் நவோக்கி யோஷிதா வெளிப்படையாக எழுதினார். களம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிவது சிறு சலுகைபோல் தோன்றலாம். எங்கே திரும்பிப் பார்ப்பது என்பதே சோதனையின் பாதியாக இருக்கும் இடத்தில் அது பெருஞ்சலுகை. தடை உள்ள ஆட்டத்தில் பிறர் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒருவர்க்கு உரிமை ஆகாது. அவரது ஆட்டக் கணக்கு என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கப்படலாம். அத்துடன், உடன் ஆடும் ஏழு பேரின் உழைப்பும் அவரால் களங்கப்படும்.

பாதுகாப்பைப் பற்றிய அறிவுரைகளைப் பலர் தாம் அடிபட்ட பிறகே கேட்கின்றனர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2016-இல் பரவிய மோசடி ஒன்றில், அரிய துணைநிரலை அறிந்தவர்போல் நட்பாகப் பேசிய ஒருவர், ஒரே ஒரு கட்டளை வரியைச் சாட்டில் தட்டச் சொன்னார். பார்வைக்குத் தீங்கற்ற அவ்வரி ஆட்டத்தின் உள்ளேயுள்ள ஒரு செயற்கூறைக் கட்டளைகளை இயக்கும் செயற்கூறாக மாற்றிவிட, அதன்பின் மோசடிக்காரர் அனுப்பும் சாட் செய்திகளே கட்டளைகளாக ஏமாந்தவரின் கணினியில் ஓடின. மைன்கிராஃப்ட் என்னும் ஆட்டத்தில் 2023 ஜூனில், நம்பிக்கைக்குரிய தளங்களில் இருந்த மோடுகளுக்குள்ளேயே ஃப்ராக்சரைசர் என்னும் தீநிரல் புகுத்தப்பட்டு, உலாவியில் சேமித்த உள்நுழைவுத் தகவல்களைத் திருடியது. ஆகவே தளம் பெரிது என்பது மட்டும் காப்பன்று. வார்கிராஃப்ட் துணைநிரல் என்பது எழுத்துக் கோப்புகளும் படங்களும் ஒலிகளும் அடங்கிய ஃபோல்டர் மட்டுமே. அதற்கு நிறுவல் நிரல் தேவையில்லை. இயக்கக்கூடிய கோப்பு ஒன்றைத் தந்து அதைத் துணைநிரல் என்று எவரேனும் சொன்னால் திறக்காமல் அழித்துவிடவேண்டும். புரியாத கட்டளை வரியை எவர் சொல்லியும் தட்டக் கூடாது. கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம் இருக்கவேண்டும்.

புதிய பேட்ச் வரும் நாளில் எல்லாத் துணைநிரல்களையும் அணைத்துவிட்டு, அமைப்புகள் உள்ள ஃபோல்டரைப் படியெடுத்து வைத்துக்கொண்டு, பாதி பாதியாக இயக்கிப் பார்த்தால் பிழைசெய்வது எது என்று விரைவில் தெரிந்துவிடும்.

துணைநிரல் எழுதுவோரைப் பற்றியும் சொல்லவேண்டும். துணைநிரலுக்கு விலை கூடாது, நிரல் மறைக்கப்படாமல் எவரும் படிக்கத்தக்கதாக இருக்கவேண்டும், ஆட்டத்துக்குள் நன்கொடை கேட்கக் கூடாது என்று 2009 மார்ச்சில் பிளிஸார்டு விதி வகுத்தபோது, எழுதியவர் பலர் மனம் நொந்தனர். அவர்கள் கூலியின்றிச் செய்து காட்டிய வசதிகளை நிறுவனம் பிற்பாடு தன்னுடையதாக்கிக்கொண்டது பலமுறை நடந்துள்ளது. தேடலின் இலக்கை வரைபடத்தில் காட்டுவது அவற்றுள் ஒன்று. அத்தகையோரிடம் பிழையைத் தெரிவிக்கும்போது, எந்தப் பேட்சில், எந்தச் சூழலில், எந்தச் செய்தி வந்தது என்று எழுதி, மரியாதையோடு கேட்பதே முறை.

முழுத் தடை வேண்டுமென்போர் ஒரு செய்தியைக் கருத்தில் கொள்ளவேண்டும். வார்கிராஃப்டின் கிளாசிக் பதிப்பில் ஸ்கு என்னும் துணைநிரல், திரையில் உள்ளவற்றைப் பேச்சாகவும் வழியை ஒலியாகவும் மாற்றித் தருவதால், பார்வையற்றோர் அவ்வுலகில் தேடல்களை முடித்து, மற்றவர்களோடு சேர்ந்து குகைகளில் இறங்குகின்றனர். அவர்க்கு அத்துணைநிரல் பிறரைவிட மேலான வலிமை எதையும் தருவதில்லை. பிறர் கண்ணால் பெறுவதைக் காதால் பெறவைக்கிறது. கணக்கிட்டு முடிவு சொல்லும் கருவிகளை அடைக்கப் போடும் பூட்டு இத்தகையவற்றையும் சேர்த்து அடைத்துவிடாதபடி பார்ப்பது நிறுவனத்தின் கடமை. பூட்டுவதற்கு முன் பார்வையற்ற ஆட்டக்காரர்களை அழைத்துச் சோதித்துப் பார்ப்பதும், அவர்க்கு வேண்டிய ஒலிக் குறிப்புகளை ஆட்டத்துக்குள்ளேயே முதலில் அமைத்துத் தருவதும் அக்கடமையில் அடங்கும்.