உடலே சுரக்கும் மருந்து

கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்தால் அபினி. அதிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஃபின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கடும் வலியைத் தணிப்பதில் அது ஆற்றல் மிக்கது. தன்னைத் தொடர்ந்து உட்கொள்வோரை அடிமையாக்குவதிலும் அவ்வாறே.

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேண்டேஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகிய இருவரும் மூளையில் மார்ஃபின் சென்று பொருந்தும் ஏற்பிகள் உள்ளன என மெய்ப்பித்தனர். அக்கண்டுபிடிப்பு ஒரு புதிய வினாவை எழுப்பியது. எங்கோ வளரும் ஒரு செடியின் பாலுக்கென்று மனித மூளை பூட்டு அமைத்து வைத்திருக்குமா? பூட்டு உடலுக்குள் இருக்குமாயின், அதற்குரிய திறவுகோலும் உடலுக்குள்ளேயே இருத்தல் வேண்டும்.

அத்திறவுகோலைத் தேடியவர்களுள் முதன்மையானோர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் பணியாற்றிய ஜான் ஹியூஸும் ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் ஆவர். நாஜிகளின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறி அந்நகரை அடைந்தவர் கோஸ்டர்லிட்ஸ். எழுபது வயதைக் கடந்த பின்னும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. இளைஞரான ஹியூஸ் விடியற்காலையில் இறைச்சிக் கூடத்திற்குச் சென்று பன்றிகளின் மூளைகளைச் சேகரித்து வருவார். அவற்றை அரைத்து, வடித்து, சாற்றைப் பிரித்தெடுப்பார். சாற்றில் தேடும் பொருள் உள்ளதா என்பதை அறிய அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. கினிப்பன்றியின் குடல் துண்டொன்றில் மின்சாரம் பாய்ச்சினால் அது துடிக்கும். மார்ஃபின் இட்டால் துடிப்புத் தளரும். ஏற்பிகளை அடைக்கும் நலாக்சோன் என்னும் மருந்தை இட்டால் துடிப்பு மீளும். பன்றி மூளையின் சாறும் அவ்வாறே துடிப்பைத் தளர்த்தியது. நலாக்சோன் அதனையும் முறியடித்தது. 1975ஆம் ஆண்டில் அச்சாற்றிலிருந்து ஐந்தைந்து அமினோ அமிலங்களால் ஆன இரண்டு பொருள்களை அவர்கள் இனங்கண்டனர். அவற்றிற்கு என்கெஃபலின் என்று பெயரிடப்பட்டது.

அடுத்த ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவில் சோ ஹாவ் லீ என்னும் அறிஞர் ஒட்டகத்தின் பிட்யூட்டரிச் சுரப்பியில் வேறொரு ஹார்மோனைத் தேடினார். அது கிட்டவில்லை. மாறாக, அதன் இறுதிப் பகுதியான 31 அமினோ அமிலங்களின் தொடர் ஒன்று தனித்துக் கிடைத்தது. அதுவே பீட்டா எண்டார்ஃபின். ‘உடலுக்குள் தோன்றும் மார்ஃபின்’ என்பதே எண்டார்ஃபின் என்னும் பெயரின் பொருள்.

காயமுற்ற இடத்திலிருந்து வலிச்செய்தி நரம்பின் வழியே தண்டுவடத்தை அடைந்து, பின் மூளைக்குச் செல்கிறது. வழியிலுள்ள ஏற்பிகளில் இவ்வகைப் பொருள்கள் பொருந்தும்போது, நரம்பணுக்கள் அச்செய்தியை அடுத்த அணுவிற்குக் கடத்துவது குறைகிறது. வலி முற்றும் அழிவதில்லை. அதன் குரல் தாழ்கிறது. பீட்டா எண்டார்ஃபின் தோன்றும் அதே பெரும் புரதத்திலிருந்தே, நெருக்கடிக் காலத்தில் அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஹார்மோனும் தோன்றுகிறது. ஆகவே உடல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது இரண்டும் ஒருங்கே வெளிப்படுகின்றன. ஆட்டக்களத்தில் அடிபட்ட வீரர் ஆட்டம் முடிந்த பின்னரே வலியை உணர்வதற்கு இத்தகைய பொருள்களும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

நெடுந்தொலைவு ஓடுவோர் அடையும் களிப்பிற்கு எண்டார்ஃபினே காரணம் என்று பலரும் கூறுவர். இக்கூற்றை அவ்வளவு எளிதில் ஏற்பதற்கில்லை. ஓட்டத்தின்போது குருதியில் எண்டார்ஃபின் மிகுவது உண்மையே. ஆயினும் குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது எளிதில் கடப்பதில்லை. 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஓடிய சுண்டெலிகளின் எண்டார்ஃபின் ஏற்பிகள் அடைக்கப்பட்டன. அதன் பின்னும் அவற்றின் அச்சம் தணிந்தே இருந்தது. கன்னாபினாய்டு என்னும் வேறு வகைப் பொருளுக்குரிய ஏற்பிகளை அடைத்தபோதே அந்த அமைதி மறைந்தது. மூளைக்குள்ளேயே சுரக்கும் எண்டார்ஃபினின் பங்கு குறித்த ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன.

பயிற்சி

1. ‘பூட்டு’, ‘திறவுகோல்’ என்னும் உவமைகள் பாடத்தில் எவற்றைக் குறிக்கின்றன?

2. பன்றி மூளையின் சாற்றுடன் நலாக்சோனையும் சேர்த்துச் சோதித்தது ஏன்? அவ்வாறு செய்யாதிருந்தால் எந்த ஐயம் எஞ்சியிருக்கும்?

3. ‘அதன் குரல் தாழ்கிறது’ என்னும் தொடரின் பொருளைச் சொந்த நடையில் எழுதுக.