யாருடைய கனவு? – வளரும் வயதைச் சொல்லும் ஜப்பான் கார்ட்டூன் தொடர்கள்



கார்ட்டூனைப் பற்றி ஒரு பாடக் கட்டுரையா என்று சிரிக்க வேண்டாமுங்க. ஜப்பானில் தயாராகும் கார்ட்டூன்களுக்கு ‘அனிமே’ என்று பெயர். அனிமேஷன் என்ற ஆங்கிலச் சொல்லை அவர்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டது அது. நம்மில் பலருக்கு அனிமே என்றாலே கத்திச் சண்டைதான் நினைவுக்கு வரும். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ் பேசி தியேட்டருக்கு வந்தபோது எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பார்த்துவிட்டு வந்து, ஒரு வாரம் ஸ்கேலை வைத்து வாள் சுற்றினார்கள். இந்தக் கட்டுரை அந்த வகையைப் பற்றியது அல்ல.

ஆசிரியர்கள் சிலருக்கு தூர்தர்ஷனில் 1990-களில் ஞாயிற்றுக்கிழமை வந்த மௌக்லி ஞாபகம் இருக்கும். அது இந்தி பேசியதால் பலரும் இந்தியாவில் எடுத்தது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது 1989-இல் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் நிறுவனம் எடுத்த தொடர், மொத்தம் 52 பாகம். ஓநாய்கள் வளர்த்த பையன் பெரியவனாக ஆக, காடா ஊரா என்று முடிவெடுக்க வேண்டிய கதை. ஆக, வளரும் வயதைச் சொல்லும் அனிமேக்கள் நமக்கு முன்பே பழக்கம்தான், பெயர்தான் தெரியாது.

இப்படிப்பட்ட தொடர்கள் பலவற்றைப் பார்த்ததில் எனக்கு ஒன்று தோன்றியது. இவற்றில் உயரமாவதோ மீசை முளைப்பதோ வளர்ச்சி ஆகாது. ‘நான் தூக்கிக்கொண்டு ஓடுவது யாருடைய கனவை?’ என்று அந்தப் பையனோ பெண்ணோ முதல் தடவை கேட்டுக்கொள்ளும் இடத்தில்தான் கதையே இருக்கிறது. நான் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. உழவர் சந்தைக்குக் காய் வாங்கப் போனால்கூட யாராவது ஒருவர் நிறுத்தி, “அடுத்து என்ன கண்ணு படிக்கப் போறே?” என்கிறார். பதிலை நான் சொல்வதற்கு முன்னால் கூட வந்த பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வி என்னை இவ்வளவு பிடித்துக்கொண்டது போலும்.

முதலில் பழைய கதை. 1968 முதல் 1971 வரை ஜப்பான் தொலைக்காட்சியில் ‘கியோஜின் நோ ஹோஷி’ என்று ஒரு தொடர் ஓடியது. ‘ஜயன்ட்ஸ் அணியின் நட்சத்திரம்’ என்று பொருள். மொத்தம் 182 பாகம்! அப்பா ஒரு காலத்தில் பேஸ்பால் வீரர். போரில் காயம்பட்டதால் அவருடைய ஆட்டம் முடிந்துபோனது. கூலி வேலைக்குப் போகும் அவர், தான் எட்டாத இடத்தை மகன் ஹியூமா எட்ட வேண்டும் என்று சின்ன வயதிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுகிறார். இரும்பு ஸ்பிரிங் கோத்த ஒரு கவசத்தைப் பையனின் உடம்பில் மாட்டி, அதோடேயே சாப்பிடவும் நடமாடவும் வைக்கிறார். மகன் ஜெயிக்கிறான். ஆனால் கடைசியில், எதிரணிக்குப் பயிற்சியாளராக நிற்பது அதே அப்பா. அந்த ஆட்டத்தை வென்ற மகனின் கை நிரந்தரமாகக் கெட்டுப் போகிறது. அந்தக் காலத்து ஜப்பான் இதை வீரக் கதையாகப் பார்த்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. அப்பாவுக்குத் தோள் போனது, மகனுக்குக் கை போனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் கதை இந்தியாவுக்கும் வந்தது என்பதுதான் ஆச்சரியம். ஜப்பானின் டி.எம்.எஸ். நிறுவனமும் நம் நாட்டு டி.கியூ. நிறுவனமும் சேர்ந்து, 2012 டிசம்பரில் ‘சூரஜ் – தி ரைசிங் ஸ்டார்’ என்ற பெயரில் இந்தியில் கலர்ஸ் சேனலில் வெளியிட்டார்கள். பேஸ்பால் கிரிக்கெட் ஆனது, டோக்கியோ மும்பைக் குடிசைப் பகுதி ஆனது. இரும்பு ஸ்பிரிங் கவசத்தைக் காட்டினால் குழந்தையைச் சித்திரவதை செய்வது போல இருக்கும் என்று, அதற்குப் பதில் சைக்கிள் டியூபைக் கட்டிவிட்டார்கள். ஸ்பிரிங் போய் டியூப் வந்ததே தவிர, மாட்டி விடுவது என்னவோ அப்பாதான்!

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்பும் தொடருக்கு வருகிறேன். ‘கின் நோ சாஜி’, அதாவது வெள்ளிக் கரண்டி. 2013-இல் 11 பாகம், 2014-இல் 11 பாகம். இந்தக் கதையை எழுதி வரைந்தவர் ஹிரோமு அரகாவா என்ற பெண்மணி. ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ எழுதிய அதே ஆள்தான். ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, வேளாண்மைப் பள்ளியில் படித்தவர். அதனால் சாணி வாசனை முதற்கொண்டு எல்லாம் சரியாக இருக்கும்.

கதாநாயகன் ஹச்சிகென் நகரத்துப் பையன், நன்றாகப் படிக்கிறவன். போட்டித் தேர்வுக்குத் தயாராகும் பள்ளியில் மதிப்பெண் துரத்தித் துரத்தி ஓய்ந்து போகிறான். அவன் அப்பா எதைச் செய்தாலும் பாராட்டாதவர். அவர் முகத்தைத் தினமும் பார்க்க வேண்டாமே என்று, விடுதி இருக்கும் வேளாண்மை மேல்நிலைப் பள்ளியில் போய்ச் சேர்ந்துவிடுகிறான். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், ஆர்.எஸ்.புரத்தில் டியூஷன் டியூஷனாகச் சுற்றின பையன், லாலி ரோட்டுப் பக்கம் வேளாண் பல்கலைக்கழக வயலில் போய் நிற்கிற மாதிரி. (அதுவும் பக்கத்தில்தான் இருக்கிறது. நாம்தான் வேலிக்கு வெளியே இருந்து பார்த்துவிட்டுப் போகிறோம்.)

அங்கே போனால் கூடப் படிப்பவர்கள் எல்லாரும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணை என்று யார் என்ன ஆகப் போகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இவனுக்கு மட்டும் கனவே இல்லை. வெட்கத்தோடு அதைத் தலைமை ஆசிரியரிடம் சொன்னால், அவர் அது நல்லதுதான் என்கிற மாதிரி மகிழ்ச்சியாகப் பேசுகிறார்! அந்த இடத்தில் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. போகப் போகத்தான் விளங்கியது. அந்தப் பிள்ளைகள் பலருடைய கனவு, வீட்டில் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்ட கனவு. மிக்காகே என்ற பெண் ஒரே வாரிசு என்பதால் மாட்டுப் பண்ணையை ஏற்க வேண்டும். அவளுக்கோ குதிரைகளோடு வேலை செய்ய ஆசை. கொமாபா என்பவன் பேஸ்பாலில் ஜெயித்து, அந்தப் பணத்தில் அப்பா இல்லாத வீட்டின் பண்ணையைக் காப்பாற்ற நினைக்கிறான். கடன் முந்திக்கொள்கிறது. மாடுகளை விற்றுவிட்டுப் பள்ளியை விட்டே போய்விடுகிறான். அவனுக்காக ஹச்சிகென்னால் எதுவும் செய்ய முடிவதில்லை. இதைத் தொடர் மழுப்பாமல் காட்டுகிறது. கடைசி நிமிடத்தில் யாரும் பணத்தோடு வந்து நிற்பதில்லை.

இந்தத் தொடரின் நடுவில் ஒரு பன்றிக்குட்டி வருகிறது. பன்றிக்குட்டிகள் பிறந்த சில நாளிலேயே ஆளுக்கொரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். முன்பக்கக் காம்பில் பால் அதிகம், பின்பக்கம் குறைவு. சின்னக் குட்டி பின்னால் தள்ளப்பட்டு இன்னும் சின்னதாகவே நிற்கும். ஹச்சிகென் தன்னை அதில் பார்க்கிறான். கறிக்காக வளர்ப்பதற்குப் பெயர் வைக்காதே என்று எல்லாரும் சொல்லியும், ஒரு பெயர் வைக்கிறான். என்ன பெயர் தெரியுமா? ‘புத்தாதோன்’, அதாவது பன்றிக்கறிச் சோறு! மாதக்கணக்கில் ஊட்டி வளர்க்கிறான். அனுப்பும் நாள் வருகிறது, அனுப்புகிறான். விடுமுறையில் பண்ணை வேலை செய்து சம்பாதித்த கூலியைக் கொடுத்து, அந்தக் கறி முழுவதையும் தானே வாங்கி, புகை போட்டுப் பதப்படுத்தி எல்லாருக்கும் கொடுத்துச் சாப்பிடுகிறான். அது சரியா தவறா என்று தொடர் தீர்ப்புச் சொல்வதில்லை. எங்க அமுச்சி பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்தில் ஆடு மாடு வைத்திருப்பவர். இந்தப் பாகத்தை என்னோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு, “கெடாய்க்குப் பேரு வெச்சா கத்தி எடுக்கக் கை வராது கண்ணு, அந்தப் பையனுக்கு மனசு கெட்டி” என்றார். மொழியே தெரியாமல் பார்த்தவருக்கு அந்தப் பன்றி யாருக்கும் முன்னால் புரிந்துவிட்டது.

ஹச்சிகென்னுக்கு இதனால் ஒரு கனவு கிடைத்துவிட்டதா என்றால், உடனே இல்லை. ஆனால் செய்தவற்றுக்குப் பொறுப்பு ஏற்கப் பழகுகிறான். இரண்டாம் பருவத்தின் முடிவில் மிக்காகே, பண்ணையை ஏற்க விருப்பம் இல்லை, குதிரை வேலைக்குப் போகிறேன் என்று குடும்பத்தின் முன் வாய் திறந்து சொல்கிறாள். சண்டை இல்லை, வீட்டை விட்டு ஓடுவதும் இல்லை. வீட்டார் கேட்பது ஒன்றுதான்: அப்படியானால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படி. படிப்பில் பின்தங்கிய அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவன் ஹச்சிகென். எந்த மதிப்பெண் படிப்பை வெறுத்து ஓடி வந்தானோ, அதே படிப்பு இங்கே இன்னொருத்தி கனவுக்கு உதவுகிறது.

இந்த இடத்தில் நம் மாநிலத்துப் பெயர் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், 18 வயதில் உலகச் செஸ் சாம்பியன் ஆன குகேஷ். அவர் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். தன் மருத்துவத் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போனவர். ஹியூமாவின் அப்பாவும் மகனுக்காக உழைத்தவர்தான். ஆனால் இங்கே ஆசை மகனுடையது, பெட்டி தூக்கியது அப்பா.

செஸ் என்றதும் கடைசியாக ஒரு தொடர். ‘மார்ச் மாதம் சிங்கம் போல வரும்’ என்ற பொருளில் தலைப்பு, 2016 முதல் 2018 வரை இரண்டு பருவம், மொத்தம் 44 பாகம். ஷோகி என்பது ஜப்பானியச் செஸ். 81 கட்டம், ஆளுக்கு 20 காய். வெட்டிய காயை நம் காயாக மீண்டும் பலகையில் இறக்கலாம் என்பது நம் செஸ்ஸில் இல்லாத விதி. ரேய் என்ற 17 வயதுப் பையன் தொழில்முறை ஷோகி வீரன். சிறு வயதில் விபத்தில் குடும்பம் முழுவதும் போய்விட, அப்பாவின் நண்பர் வந்து, “உனக்கு ஷோகி பிடிக்குமா?” என்று கேட்கிறார். பிடிக்கும் என்கிறான். பொய்! அப்படிச் சொன்னால்தான் போக ஓர் இடம் உண்டு. ஒரு பொய்யின் மேல் ஏறி நின்று இவ்வளவு தூரம் வந்த பையன், பிற்பாடு ஓர் ஆட்டத்தில் தனக்குத் தோற்கவே மனம் இல்லை என்று கண்டுபிடிக்கிறான். கடன் வாங்கிய கனவு எப்போது சொந்தமானது என்று அவனுக்கே தெரியவில்லை. எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்தது இதுதான்.

இவ்வளவு பெரிய வீரனுக்கு வகுப்பில் ஒரு நண்பன்கூடக் கிடையாது. ஒரு வருடம் தாமதமாகப் பள்ளியில் சேர்ந்தவன், மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிடுகிறான். அவன் வகுப்பாசிரியர் ஹயாஷிதா ஒரு ஷோகிப் பைத்தியம். அவர் அறிவுரை எல்லாம் சொல்லவில்லை. தானும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நேற்றைய ஆட்டத்தில் அந்தக் காயை ஏன் அங்கே வைத்தாய் என்று கேட்க ஆரம்பிக்கிறார். பிறகு அறிவியல் கழகத்துப் பையன்களோடு சேர்த்து அவனுக்கு ஒரு ஷோகிக் கழகம் அமைத்துத் தருகிறார். அவன் அவர்களுக்குக் காய் நகர்த்தக் கற்றுக் கொடுக்கிறான், அவர்கள் அவனுக்குச் செய்முறை காட்டுகிறார்கள்.

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவன், ஆர்.எஸ்.புரம்