வெற்றி வாழ்த்தும் ஆங்கில வழக்கும்

தகடூர் என்று சங்க இலக்கியம் போற்றும் மண்ணில் கல்வி பயிலும் நம் மாணாக்கர்க்கு, வாழ்த்துதல் என்பது புதிய செய்தி அன்று. அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல், அதன் சிறப்பையும் வெளியிடாமல் ஔவைக்கு ஈந்தான் அதியமான் நெடுமான் அஞ்சி. அதனை உண்டபின் ஔவையார் பாடிய வாழ்த்து, புறநானூற்றில் 91ஆம் பாட்டாக விளங்குகின்றது. நஞ்சுண்டும் சாவாத இறைவனைப் போல நீயும் நிலைபெறுக என்பது அதன் கருத்து. வாளேந்திப் பகை வென்ற மன்னனுக்கு இன்னும் பல போர் வெல்க என்று அவர் கூறவில்லை. நிலைத்து வாழ்க என்றே கூறினார். 'வாழ்த்து' என்னும் சொல்லுக்குள்ளேயே 'வாழ்' இருக்கின்றதன்றோ! சேலம் செல்லும் சாலையில் அதியமான்கோட்டையைக் கடக்கும்போதெல்லாம் இவ்வெண்ணம் நமக்கு எழுவதுண்டு.

அம்மண்ணின் மைந்தர் இன்று தேர்வுக்கூட வாயிலில் கூறிக்கொள்வது 'ஆல் த பெஸ்ட்' என்பதாகும். அதனைக் குறைகூறுதல் நம் நோக்கம் அன்று. ஆங்கிலத்தில் வாழ்த்த வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில்தான் வாழ்த்த வேண்டும். ஆனால், பிழை நேர்ந்தால் போவது மதிப்பெண் மட்டும் அன்று. நம் மாணவர் ஒருவருக்கு நேர்ந்ததை ஈண்டுக் கூறுவோம்.

அவருடைய இளமைத் தோழர் வேறோர் ஊரில் படித்தவர். ஒரு தாளில் இருமுறை தோல்வியுற்றவர். மூன்றாம் முறை எழுதவிருந்த தோழருக்கு நம் மாணவர் ஆங்கிலத்தில் ஒரு மடல் வரைந்தார். 'உன் தேர்வுக்கு என் வாழ்த்துகள்' என்பதே அவர் கருதிய பொருள். எழுதியதோ 'கங்கிராஜுலேஷன்ஸ் ஃபார் யுவர் எக்ஸாமினேஷன்'. அதன் கீழே 'ஐ விஷ் யூ பாஸ்டு' என்றும் ஒரு தொடர். தோழர் அதனை ஏளனம் என்றே கொண்டார். பல திங்கள் மறுமொழி இல்லை; பெருநாள் தொழுகையில் கண்டபோதும் முகம் திருப்பிக்கொண்டார். காரணம் விளங்காமல் அம்மாணவர் மடலின் படியுடன் நம்மிடம் வந்தார்.

பிழை எங்கே தோன்றிற்று? தமிழில் 'வாழ்த்து' என்னும் ஒரே சொல் செயலுக்கு முன்னும் வரும், பின்னும் வரும். தேர்வுக்குச் செல்பவனையும் வாழ்த்துகிறோம். தேறி வந்தவனையும் வாழ்த்துகிறோம். (இச்சொல்லின் பன்மையை 'வாழ்த்துக்கள்' என்று எழுதுவோர் பலர். ஒற்று மிகுந்தால் அது வாழ்த்தாகிய கள் ஆகிவிடும் எனத் தமிழாசிரியர் நகைப்பதுண்டு. நம் கல்லூரி மலரிலேனும் அந்தக் கள்ளை விலக்குவோமாக!) ஆங்கிலமோ இவ்விரண்டையும் வேறாக்குகின்றது. செயலுக்கு முன் 'குட் லக்', 'ஆல் த பெஸ்ட்'; செயல் முடிந்து வென்றபின் 'கங்கிராஜுலேஷன்ஸ்'. இது தமிழில் 'பாராட்டு' என்பதற்கே நெருக்கமானது. இருமுறை தோற்றவனைத் தேர்வுக்கு முன்பே பாராட்டினால் அவன் வேறென்ன நினைப்பான்?

இரண்டாம் தொடர் இன்னும் கொடிது. 'விஷ்' என்னும் சொல்லை அடுத்துப் பெயர் வந்தால் வாழ்த்து. வினை வந்தால் பெரும்பாலும் ஏக்கம். 'ஐ விஷ் யூ சக்சஸ்' என்பது வாழ்த்து. 'ஐ விஷ் யூ பாஸ்டு' என்பது, தேறியிருக்கலாமே என இரங்குவது போல ஒலிக்கும். 'ஐ விஷ் யூ வுட் பாஸ்' என்றால், எங்கே தேறப்போகிறாய் என்னும் சலிப்பும் கலந்துவிடும். வினையோடு சொல்ல விரும்புவோர் 'ஐ ஹோப் யூ பாஸ்' என்க. 'சக்சஸ்' என்னும் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. தொடர்ந்து வருவது, விளைவு என்பதே அதன் பழம்பொருள். விளைவு நன்றாகவும் இருக்கலாம், தீதாகவும் இருக்கலாம். ஆதலின் பழைய ஆங்கிலத்தில் நல்ல 'சக்சஸ்', கெட்ட 'சக்சஸ்' என்று அடைகொடுத்துக் கூறினர்.

இனி இலக்கணம். வாழ்த்துதற்குத் தமிழில் தனி வினைமுற்றே உண்டு, அது வியங்கோள். வாழ்க, வெல்க, வாழிய என வரும். தன்மை முன்னிலைகளில் அது மிகுதியாக நில்லாது என்றது தொல்காப்பியம். மூவிடத்திற்கும் ஐம்பாலுக்கும் உரியது என்றது நன்னூல். இடையில் வழக்கு விரிந்தது எனக் கொள்ளலாம். வாழ்த்த மட்டுமன்றி வைவதற்கும் இவ்வடிவமே பயன்படுகின்றது என்பதையும் மறத்தலாகாது.

ஆங்கிலத்தில் இதற்கு இணை இல்லை என்று நம் மாணாக்கர் எண்ணுகின்றனர். 'காட் பிளஸ் யூ' என்பதில் 'பிளஸ்' என்பதற்கு ஈற்றில் 'எஸ்' ஏன் இல்லை என்று வகுப்பில் ஒரு மாணவி வினவினார். நல்ல வினா! 'பிளஸஸ்' என்றால் இறைவன் அருள்கிறான் என்னும் செய்தி. 'பிளஸ்' என்றால் அருள்க என்னும் வேண்டுதல். நாள்தோறும் நாம் கூறும் சலாத்தையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது 'பீஸ் பீ அப்பான் யூ' என்றாகும். 'இஸ்' என வாராமல் 'பீ' என வருவதற்கும் இதுவே காரணம். தமிழில் 'சாந்தி உண்டாவதாக' என்கிறோமே, அந்த 'ஆவதாக'தான் அந்தப் 'பீ'. 'மே யூ சக்சீட்' என்பதில் 'மே' அதே பணியைச் செய்கின்றது.

'குட் லக்' என்று கூறலாமா எனச் சமுதாயப் பெரியவர் சிலர் தயங்குவதுண்டு. வெற்றியை அருள்பவன் இறைவனாக இருக்க, அதிர்ஷ்டத்தின் கையில் விடுவதா என்பது அவர்தம் ஐயம். அதிர்ஷ்டம் என்னும் வடசொல்லுக்குக் காணப்படாதது என்பதே பொருள். ஆங்கில மக்களும் ஒரு காலத்தில் இறைவனை முன்னிட்டே வாழ்த்தினர். பயணம் செல்வோர்க்குக் கூறும் 'காட்ஸ்பீட்' என்பதில் உள்ள 'ஸ்பீட்' விரைவு அன்று. வெற்றி, நலம் என்பது அதன் தொல்பொருள். 'குட்பை' என்பதும் இறைவன் உம்மோடிருப்பானாக என்னும் தொடரின் சிதைவே. தயங்குவோர்க்கு 'ஆல் த பெஸ்ட்', 'ஐ விஷ் யூ சக்சஸ்' என்பன உள்ளன. அவற்றில் 'லக்' இல்லை. நாடக மேடையினர் 'பிரேக் எ லெக்' என்று ஒன்று கூறுவர். கால் முறிக என்பது அதன் நேர்ப்பொருள். கால்பந்துப் போட்டிக்குச் செல்பவனிடம் அதனைக் கூறாதிருத்தல் நலம்.

மறுமொழியிலும் கருத்து வேண்டும். வாழ்த்தியவரும் தேர்வு எழுதுபவராயின் 'சேம் டு யூ' பொருந்தும். மகளை வாயில் வரை கொண்டுவந்து விட்ட தந்தையிடம் 'சேம் டு யூ' என்றால் அவர் எந்தத் தேர்வை எழுதுவார்? 'தேங்க் யூ' போதும். முகமன் கூறப்பெற்றால் அதனினும் அழகாகவோ, அதுபோன்றோ திருப்பிக் கூறுமாறு திருக்குர்ஆன் 4ஆம் அத்தியாயம் 86ஆம் வசனம் பணிக்கின்றது.

அம்மாணவரை நம் முன்னிலையிலேயே மற்றொரு மடல் எழுதச் செய்தோம். நடந்த பிழையை முதலில் கூறி, 'ஐ விஷ் யூ சக்சஸ் இன் யுவர் எக்ஸாமினேஷன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதன்கீழ், தம் பாட்டி கூறுவது போல, 'அல்லாஹ் உனக்கு லேசாக்கி வைப்பானாக' என்று தமிழில் ஒரு வரி சேர்த்தார். பத்து நாளில் அஞ்சலட்டை வந்தது. முதல் சொல் 'ஆமீன்'. அடுத்துத் தேர்வு நடைபெறும் நாளும் இடமும் குறித்து, முடிந்தால் உடன் வருமாறு தோழர் கேட்டிருந்தார்.