வெற்றிடத்தில் வீசும் எதிர்க்காற்று

கேள்வி: கேலக்ஸிகள் தம் வாயுவைப் பறிகொடுக்கின்றன என்கிறார்களே, காற்றே இல்லாத விண்வெளியில் அதைப் பறிப்பது எது?
– வாசகர், ஓசூர்

பதில்: விண்வெளி முழு வெற்றிடம் அல்ல. நூற்றுக்கணக்கான கேலக்ஸிகள் சேர்ந்த கொத்துகளில், இடைவெளியெங்கும் கோடிக்கணக்கான டிகிரி வெப்பமுள்ள வாயு பரவியிருக்கிறது. கன மீட்டருக்குச் சுமார் ஆயிரம் துகள்கள்தான். ஆனால் கேலக்ஸியின் வேகம் அதையும் புயலாக்கிவிடும். காற்றே அசையாத நாளிலும் ஓசூரிலிருந்து அத்திப்பள்ளிக்கு பைக்கில் விரைந்தால் சட்டை படபடக்கிறதல்லவா, அதுபோல. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். இதை 1972-இல் கன், காட் என்ற இருவர் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

விண்மீன்கள் அடர்ந்த உருண்டைகள். இந்தக் காற்று அவற்றை அசைக்காது. அவற்றுக்கிடையே பரவிய வாயு மட்டும் பின்னோக்கி வாலாக நீளும். அதனால் இப்படி வால் நீண்ட கேலக்ஸிகளுக்கு ‘ஜெல்லிமீன் கேலக்ஸி’ என்று பெயர்.

இதில் உங்கள் பக்கத்து ஊருக்கும் பங்குண்டு. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கிய புறஊதாத் தொலைநோக்கி, 2015-இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட்டில் இருக்கிறது. ஏபெல் 85 கொத்துக்குள் நொடிக்கு 3,000 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் பாயும் ஜேஓ201 கேலக்ஸியை அது படம்பிடித்தது. பிய்ந்துபோன வாலிலேயே புது விண்மீன்கள் பிறப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் தாய்க் கேலக்ஸிக்கு இது இழப்புதான். வாயுவே விண்மீன்களின் மூலப்பொருள். அது தீர்ந்தால் புதியவை பிறக்காது. நீல விண்மீன்கள் சீக்கிரம் மடிய, முதிய சிவப்பு விண்மீன்களே மிஞ்சும். நம் பால்வெளி இப்படியொரு பெருங்கொத்தின் மையத்தில் இல்லை. அதனால் அதன் வாயு பத்திரமாக இருக்கிறது.