பழைய தேயிலை நிலத்தில் போஞ்சி நாற்று ஏன் முடங்குகிறது?

மண்சரிவில் வீடும் தோட்டமும் இழந்து, கைவிடப்பட்ட தேயிலை நிலத்தில் மரக்கறி போட எண்ணும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறோம். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மண் சரிந்ததை ஊவாவில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படி எல்லாம் இழந்தவர்கள் கடன்பட்டு வாங்கிய விதை, முளைத்தபின் வளராமல் நின்றால் என்ன செய்வார்கள்? விதையைக் குறை சொல்வார்கள், அல்லது இன்னும் யூரியா போடுவார்கள். முதலில் வேரைப் பாருங்கள்.

1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. அதைத் தடுக்கச் செம்பு கலந்த மருந்துகளைத் தெளித்தார்கள். மழை அதை இலையிலிருந்து கழுவி மண்ணில் சேர்த்தது. செம்பு உலோகம், மக்கிப்போகாது. மேல்மண்ணிலேயே தங்கும். பிரான்சின் பழைய திராட்சைத் தோட்டங்களிலும் இதே கதைதான்.

பயிருக்குச் செம்பு துளியளவு வேண்டும். மிஞ்சினால் முதலில் அடிபடுவது வேர்நுனி. வேர் நீளாமல் தடித்துப் பழுப்பாகும், பக்கவேர் குறையும். இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை வெளிறும். தேயிலை மண்ணின் புளிப்பு இதை மோசமாக்குகிறது. மண்ணிலுள்ள அலுமினியத்தையும் கரைத்து வேருக்கு விடுகிறது. தேயிலை அதைத் தாங்கும், போஞ்சி தாங்காது. ஆகவே தேயிலைச் செடி பச்சையாக நிற்பதை வைத்து நிலத்தை மதிப்பிடக் கூடாது.

செலவில்லாத சோதனை ஒன்று. அடியில் துளையிட்ட மூன்று சிரட்டைகள் எடுங்கள். ஒன்றில் அந்த நிலத்து மண், ஒன்றில் நன்றாக விளையும் வீட்டுத்தோட்ட மண். மூன்றாவதில் அந்த நிலத்து மண்ணோடு ஒரு சிட்டிகை டொலமைட்டும் மக்கிய சாணமும் கலந்து, இரண்டு வாரம் ஈரமாக வையுங்கள். பிறகு மூன்றிலும் ஒரே நாளில் போஞ்சி போடுங்கள். பத்தாம் நாள் மண்ணை நீரில் கரைத்து வேர்களை ஒப்பிடுங்கள். குற்றம் செம்பிலா அலுமினியத்திலா என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. அதற்கு ஆய்வுகூடம் வேண்டும். ஆனால் மூன்றாவது சிரட்டையில் வேர் நன்றாக ஓடியிருந்தால் வழி தெரிந்துவிட்டது. டொலமைட் புளிப்பைக் குறைக்கும், மக்கிய எரு செம்பைப் பிடித்து வைக்கும்.

நிலத்துக்கு எவ்வளவு டொலமைட் என்பதை மண்ணைச் சோதித்தே தீர்மானிக்க வேண்டும். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே கொத்திக் கலக்க வேண்டும். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள், அது புளிப்பைக் கூட்டும். முன்பு மருந்து கரைத்த தொட்டியடியில் செம்பு அதிகம் இருக்கக்கூடும். அங்கே நாற்றுமேடை போட வேண்டாம்.